தண்ணீர் வாசல்வரை வரும் ஊரில் இரண்டு நாட்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த முறை எங்கே போவது?" திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மில் பலருக்கு இதற்கு இரண்டே பதில்கள்தாம். ஒன்று, மார்த்தாண்டம், நாகர்கோவில், தென்காசி, திருநெல்வேலி என்று சொந்த ஊருக்குப் போவது. மற்றொன்று, மிருகக்காட்சி சாலை, சங்குமுகம், வேளி, கோவளம் என்று நகரத்திற்குள்ளேயே சுற்றி வருவது. ஊரில் தாத்தாவும் பாட்டியும் இருக்கும்வரை முதல் பதில் போதுமானதாய் இருந்தது. அவர்கள் காலமானபின் ஊர்வீடு பூட்டப்படுகிறது. சில ஆண்டுகளில் விற்கப்படுகிறது. நம் பிள்ளைகளோ பசுவின் பால் கறக்கப்படுவதையும், ஒரு மீன் வலையிலிருந்து அடுப்புக்கு வரும் வழியையும், அயல்வீட்டார் கேளாமலே வந்து கைகொடுப்பதையும் கண்ணால் காணாமலே வளர்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே இம்மாதம் ஓர் இடத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அது சுற்றுலா விளம்பரங்களிலும் இடம்பெறும் இடமே. எனினும் அதைப் படகிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது வேறு. அங்குள்ள ஒரு வீட்டில் இரண்டு இரவுகள் தங்கி, அவ்வீட்டாரோடு விழித்து, அவர்களோடு உண்டு, அவர்களுடைய அன்றாடப் பாடுகளை அறிந்து திரும்புவது வேறு. இரண்டாவதைச் செய்யுமாறு உங்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அதற்கு ஓர் அவசரமும் உண்டு. அந்த ஊர் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாகத் தண்ணீருக்குள் தாழ்ந்துகொண்டிருக்கிறது.

மன்றோத்துருத்து எங்கே இருக்கிறது?

கொல்லம் மாவட்டத்தில் கல்லடையாறு அஷ்டமுடிக் காயலோடு கலக்கும் இடத்தில் மன்றோத்துருத்து அமைந்துள்ளது. துருத்து என்றால் ஆற்றிடைத் தீவு. ஒரே தீவு என்று நாம் சொன்னாலும், வாய்க்கால்களால் பிரிக்கப்பட்ட எட்டுச் சிறு தீவுகளின் கூட்டம் அது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து அங்கே செல்வது கடினமன்று. கொல்லம் வரை ரயிலில் 65 கிலோமீட்டர். கொல்லத்தைத் தாண்டி எறணாகுளம் செல்லும் பாதையில் பெரிநாடு, அதையடுத்து மன்றோத்துருத்து. சிறிய நிலையம்; விரைவு ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. பாசஞ்சர், மெமு வண்டிகளில் செல்வதே வசதி. சாலைவழியாகச் செல்வோர் குண்டறை வழியாகப் போகலாம். ஆயினும் பிள்ளைகளோடு செல்வோருக்கு ரயிலையே பரிந்துரைப்பேன். காரணம், பெரிநாட்டிற்கும் மன்றோத்துருத்துக்கும் இடையே ரயில் பெருமண் பாலத்தின்மேல் காயலைக் கடக்கிறது.

அந்தப் பாலத்தின் பெயர் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1988ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்துகொண்டிருந்த ஐலண்டு எக்ஸ்பிரஸ் அங்கே தடம் புரண்டு, பெட்டிகள் காயலுக்குள் விழுந்தன. 105 பேர் மாண்டார்கள். வேலைக்காக வெளியூர் சென்று வீடு திரும்பும் நம்மைப் போன்றோர் ஏறும் வண்டி அது. வெளியிலிருந்து உதவி வந்து சேருமுன், வள்ளங்களோடும் வெறுங்கைகளோடும் தண்ணீரில் இறங்கினவர்கள் அக்கரையிலும் இக்கரையிலும் வாழ்ந்த எளிய ஜனங்களே. ரயில் பாலத்தைக் கடக்கும்போது உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நாம் விருந்தினராய்ச் செல்லவிருப்பது இத்தகைய மக்களிடம் என்று அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

ஆறு கட்டின நிலம்

இந்தத் தீவு எப்படி உண்டாயிற்று? இக்கேள்விக்கான விடையை முதலில் அறிந்துகொண்டால், பின்னால் நான் சொல்லப்போகும் காரியம் எளிதில் விளங்கும்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு இறங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் கல்லடையாற்றை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். குளத்தூப்புழை, செந்துருணி, கல்துருத்தி என்னும் மூன்று ஆறுகள் தென்மலைக்கு அருகே ஒன்றுசேர்ந்து கல்லடையாறாகின்றன. புனலூரில் 1877ஆம் ஆண்டு கட்டப்பட்ட தொங்குபாலத்தின் கீழே ஓடுவதும் இதே ஆறுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் இவ்வாறு சேற்றையும் மணலையும் வாரிக்கொண்டு வந்து, காயலைச் சேருமிடத்தில் வேகம் தணிந்து, சுமையை இறக்கி வைத்தது. அப்படிப் பன்னெடுங்காலமாகப் படிந்த வண்டலே இத்தீவு. வேறு விதமாகச் சொன்னால், இது மலையிலிருந்து ஆண்டுதோறும் கிடைத்த பங்கினால் வாழ்ந்த நிலம்.

மன்றோ என்னும் பெயர் ஒரு மனிதருடையது. கர்னல் ஜான் மன்றோ 1810ஆம் ஆண்டு முதல் 1819ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடென்டாய் இருந்தவர். 1811 முதல் 1814 வரை திவான் பொறுப்பையும் வகித்தார். இந்தச் சதுப்பு நிலத்தைச் சீர்ப்படுத்தியதில் அவருக்குப் பங்குண்டு என்பதால் தீவு அவர் பெயரைப் பெற்றது. கோட்டயத்தில் சர்ச் மிஷன் சங்கத்தாரின் உதவியோடு நடந்த கல்லூரியின் பராமரிப்புக்காக இத்தீவு அக்காலத்தில் தானமாகக் கொடுக்கப்பட்டது. இதன் நிலத்திலிருந்து வந்த வருமானம் ஒரு காலத்தில் கோட்டயத்து மாணவர்களின் படிப்புக்குச் சென்றது. பின்னாளில் திருவிதாங்கூர் அரசு தீவைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

காலையும் மாலையும்

இப்பொழுது அன்றாட வாழ்வுக்கு வருவோம். தீவில் ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பங்கள் பல உண்டு. பெரிய விடுதியைத் தேடாமல், வீட்டார் தாங்களும் வசிக்கின்ற ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் தங்கியதும் அத்தகைய வீடே. வீட்டுக்காரர் மீன்பிடிப்பவர். அவருடைய தாயாரை ஊரார் எல்லாரும் அம்மச்சி என்றே அழைத்தார்கள். இரண்டாம் வேளை உணவிற்குள் எங்கள் பிள்ளைகளும் அப்படியே அழைக்கலானார்கள்.

அங்கே பொழுது நமக்கு விடியுமுன்னே விடிகிறது. இருள் பிரியும் நேரத்தில் வாய்க்காலில் கழி ஊன்றும் ஓசை கேட்கும். வலை போட்டவர்கள் வள்ளத்தில் திரும்பி வருகிறார்கள். கரிமீன், இறால், திருதை என்று அன்றன்று கிடைத்தது கரைக்கு வரும். கரிமீனைக் கேரள அரசு 2010ஆம் ஆண்டு மாநில மீனாக அறிவித்தது. நகரத்து உணவகத்தில் அதற்குக் கொடுக்கும் விலையை எண்ணி, இங்கே மீன் மலிவாய்க் குவிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் இரவு முழுவதும் நீரில் இருந்து நான்கைந்து மீன்களோடு திரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் முகத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். தட்டில் மீனை மிச்சம் வைக்கக்கூடாது என்று நாம் நூறு முறை சொல்லிப் புரியாத பாடம் அந்த ஒரு காலையில் புரிந்துவிடும்.

காலை உணவு பெரும்பாலும் வேகவைத்த கிழங்கும் மீன்குழம்பும். மலையாளத்தில் கப்பை, நாஞ்சில் நாட்டாராகிய நமக்கு மரச்சீனி. "எங்கள் ஊர்ச் சாப்பாடு அல்லவா இது!" என்று என் துணைவியார் மகிழ்ந்ததைக் கேட்டு அம்மச்சி சிரித்தார். கன்னியாகுமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்ததை அடுப்படிகள் இன்னும் மறக்கவில்லை.

காலை பத்து மணிக்குள் வள்ளத்தில் வாய்க்கால்களைச் சுற்றி வரலாம். இருபுறமும் தென்னை, இடையிடையே கண்டல் மரங்கள், தலையைக் குனிந்துகொண்டு கடக்க வேண்டிய சிறு பாலங்கள். வாய்க்காலே இங்கே தெரு. மளிகைச் சாமான் வள்ளத்தில் வரும். சமையல் எரிவாயு உருளையும் வள்ளத்தில் வரும். வீடு கட்டும் செங்கல்லும் அப்படியே. நோயாளியை அவசரமாய் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் பல வீடுகளில் வள்ளத்தில்தான் தொடங்குகிறது. நகரத்தில் ஆட்டோ பத்து நிமிடம் தாமதித்தால் பொறுமை இழக்கும் நாம் இதைச் சற்று சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

கயிறு திரிப்பு இத்தீவின் பழைய தொழில். தேங்காய் மட்டையை, நம் ஊரில் கதம்பை என்பதை, காயல் நீரில் ஆறு முதல் பத்து மாதங்கள் வரை அமிழ்த்தி ஊற வைப்பார்கள். அழுகிய மட்டையின் வாடை சாதாரணமானதன்று. அதை எடுத்து மரக்கட்டையால் அடித்து நாராக்குவதும், ராட்டில் திரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒருவர் ராட்டைச் சுழற்றுவார். மற்ற இருவர் இடுப்பில் கட்டிய நாரை விரலால் விட்டுக்கொடுத்தபடி பின்னோக்கி நடப்பார்கள். நடக்க நடக்கக் கயிறு நீளும். ஒரு நாளில் அவர்கள் பின்னோக்கி நடக்கும் தூரத்தை எண்ணிப் பாருங்கள்! மோட்டார் ராட்டுகள் வந்தபின் நடை குறைந்தது. கயிற்றுத் தொழிலும் குறைந்தது. இன்று பார்வையாளருக்குக் காட்டுவதற்காகவே திரிக்கிறவர்களும் உண்டு. பிழைப்புக்காகத் திரிக்கும் வீடு ஒன்றைக் கண்டால் அங்கே ஒரு முடி கயிறு வாங்குங்கள். துணி காயப்போடவாவது உதவும்.

மாலையில் வேலை ஓய்ந்தபின் திண்ணையில் பேச்சு. எட்டுக் கிளைகளாய் விரிந்த அஷ்டமுடிக் காயல் கேரளத்தின் இரண்டாவது பெரிய காயல். 2002ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. இக்காயலின் கக்கா மீன்பிடிப்பு 2014ஆம் ஆண்டு, அளவறிந்து எடுக்கும் முறைக்காகச் சர்வதேசச் சான்றிதழ் பெற்றது; இந்தியாவில் அச்சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுவே. சிறு கக்காவைப் பிடிக்காமல் விடுவது, இனம்பெருகும் மாதங்களில் ஓய்ந்திருப்பது என்னும் கட்டுப்பாடுகளை மீனவர் ஏற்றுக்கொண்டதால் வந்த மதிப்பு அது. இத்தகைய பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, தொலைவில் ரயில் கடக்கும் ஓசை கேட்கும். அதற்குப்பின் தவளைகளின் ஓசை மட்டுமே.

வாசலைத் தாண்டும் தண்ணீர்

இதுவரை வாசித்ததைக் கொண்டு, அமைதியான வாழ்வு என்று நீங்கள் நினைக்கக்கூடும். இரண்டாம் நாள் அதிகாலையில்தான் அந்நிலத்தின் பாடு எங்களுக்கு விளங்கிற்று.

நாங்கள் சென்றது பௌர்ணமியை ஒட்டிய நாள். இரவில் காய்ந்திருந்த முற்றம் விடியற்காலையில் நீருக்குள் இருந்தது. மழை பெய்யவில்லை. ஓசையும் இல்லை. தண்ணீர் வாய்க்காலிலிருந்து மெதுவாய் எழும்பி, முற்றத்தைக் கடந்து, படியில் வந்து நின்றது. அம்மச்சி பதறவில்லை. செருப்புகளையும் விறகையும் உயரத்தில் எடுத்துவைத்தார். கோழிக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அடுப்பை மூட்டினார். சில மணி நேரத்தில் நீர் வடிந்தது. சேறும் உப்பும் மிஞ்சின. முற்றத்தை அவர் மறுபடியும் பெருக்கலானார்.

அஷ்டமுடிக் காயல் நீண்டகரையில் கடலோடு சேர்கிறது. கடலின் ஏற்றம் அந்த வாய் வழியே உள்ளே வந்து தீவுவரை எட்டுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் மிகுதி. கார்த்திகை மாதத்தை ஒட்டி வருவதைக் காயலோர மக்கள் விருச்சிக வேலியேற்றம் என்பார்கள். முற்காலத்திலும் நீர் ஏறியதுண்டு. ஆனால் முற்றத்தோடு நின்றது, விரைவில் வடிந்தது என்று முதியோர் சொல்கிறார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமிக்குப் பிற்பாடே நிலைமை மாறிற்று என்பது தீவாரின் பொதுவான சாட்சி. அந்நாளில் இதே கொல்லம் மாவட்டத்தின் ஆலப்பாடு கடற்கரையில் பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. மன்றோத்துருத்தில் அலை ஆட்களைக் கொண்டுபோகவில்லை. ஆனால் அதன்பின் வேலியேற்றம் வீடுகளுக்குள் நுழையலாயிற்று.

உப்புநீர் வீட்டிற்குள் வந்தால் என்னென்ன நேரிடும்? சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து உதிர்கிறது. இரும்புக் கதவு துருப்பிடிக்கிறது. கிணறு உவர்க்கிறது, குழாய்த்தண்ணீர் வராத நாளில் குடிக்க நீரில்லை. கழிப்பறை பயன்படாமற்போகிறது, இதன் துன்பத்தைப் பெண்களும் முதியோருமே அதிகம் அறிவார்கள். தென்னையின் காய்ப்புக் குறைகிறது. ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்கள் இறால் கட்டுகளாகிவிட்டன. வீடுகளின் அஸ்திவாரம் மென்மையான களிமண்ணில் தாழ்கிறது, சுவர்கள் வெடிக்கின்றன.

"இந்தத் தரையை மூன்று தடவை உயர்த்தியாயிற்று மோளே. இனியும் உயர்த்தினால் தலை கூரையில் முட்டும்" என்றார் அம்மச்சி என் துணைவியாரிடம்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் மகன் சிரிக்கவில்லை. அக்கரையில் நிலம் வாங்கப் பணமில்லை. இந்த வீட்டை விற்கலாமென்றால், தண்ணீர் ஏறும் வீட்டை வாங்குவார் யார்? விற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கும் நிலை இது. தீவிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டன. பூட்டிய வீடுகளையும் கூரை விழுந்த வீடுகளையும் வள்ளத்தில் செல்லும்போது நீங்களே காண்பீர்கள். இத்தீவுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றும் செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன.

யார் எடுத்துக்கொண்ட பங்கு?

ஏன் இப்படியாயிற்று? திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையத்தின் அறிஞர்களும் இத்தீவை ஆராய்ந்துள்ளார்கள். காரணம் ஒன்றன்று; பல காரணங்கள் ஒன்றுசேர்ந்துள்ளன. மென்மையான வண்டல் தன் எடையினாலேயே அமுங்கும் இயல்புடையது. உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. ரயில் அதிர்வும் காரணம் என்று தீவார் பலர் கருதுகிறார்கள். ஆனால் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய காரியம் வேறொன்று.

வண்டல் அமுங்குவது பண்டைக் காலத்திலும் உண்டு. அப்பொழுது ஆண்டுதோறும் வெள்ளம் புதிய வண்டலைக் கொண்டுவந்து, அமுங்கியதை நிரப்பியது. தென்மலைக்கு அருகே பரப்பாறு அணை கட்டப்பட்டு, கல்லடைப் பாசனத் திட்டம் 1986ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. அதன்பின் வெள்ளம் அடங்கியது. வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. அணையினால் கொல்லம், பத்தனம்திட்டை, ஆலப்புழை மாவட்டங்களின் வயல்களுக்கு நீர் கிடைத்தது. அது நன்மையே. ஆனால் அந்த நன்மைக்கான விலையை ஆற்றின் கடைசியில் இருந்தவர்கள் கொடுக்க நேர்ந்தது. அவர்களிடம் அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

அணையைத் தாண்டியும் ஆற்றில் மணல் இருந்தது. அதைக் கட்டடங்களுக்காக அள்ளினார்கள். ஆற்றுமணல் எடுப்பதைக் கட்டுப்படுத்தக் கேரள அரசு 2001ஆம் ஆண்டு சட்டம் இயற்ற வேண்டிய அளவிற்கு, மாநிலத்தின் ஆறுகள் பலவற்றில் அள்ளுதல் மிகுந்திருந்தது. பிரியமானவர்களே, சுவர் எழுப்ப மணல் வேண்டாத வீடு நம்மில் யாருக்கு இருக்கிறது? வாடகை வீடானாலும் சொந்த வீடானாலும், ஏதோ ஓர் ஆறு தன் முகத்துவாரத்திற்குக் கொண்டுபோக வேண்டியதை நாம் வழியிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைக் குற்றஞ்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நம் வசதி ஒவ்வொன்றும் எவருடைய பங்கிலிருந்து வந்தது என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறேன். ஓர் எளிய வீட்டின் ஈரத்தரையில் நிற்கும்போது இந்தக் கேள்வியிலிருந்து நாம் தப்பிச் செல்ல முடியாது.

கடல்கடந்த தீவுகளிலும்

தீவுக் கிராமங்கள் வெறுமையாவது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. ஜப்பானில் 2023ஆம் ஆண்டு மறுபடி எண்ணியபோது 14,125 தீவுகள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அவற்றுள் ஏறத்தாழ நானூறில்தான் மக்கள் வசிக்கிறார்கள். தொலைத்தீவுகளைப் பேணுவதற்கென்று 1953ஆம் ஆண்டிலேயே அந்நாடு தனிச் சட்டம் இயற்றியது. பாலமும் துறைமுகமும் கட்டினார்கள். ஆயினும் இளைஞர் ஒசாக்கா, தோக்கியோ என்று நகரங்களுக்குச் சென்றுவிட, பல தீவுகளில் முதியோர் மட்டுமே மிஞ்சினார்கள். பிள்ளைகள் இல்லாததால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன.

அங்கே மின்ஷுகு என்றொரு வழக்கம் உண்டு. மீனவரோ விவசாயியோ தம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, தாங்கள் பிடித்ததையும் விளைத்ததையும் சமைத்துப் பரிமாறுவார்கள். கூட்டமாய் வந்து படம் பிடித்துச் செல்வோரைவிட, இரண்டு மூன்று நாட்கள் தங்கிச் செல்வோரே இத்தகைய வீடுகளுக்கு உதவியாயிருக்கிறார்கள். கேரளத்தின் சுற்றுலாத் துறையும் 2017ஆம் ஆண்டு பொறுப்புச் சுற்றுலா இயக்கத்தைத் தொடங்கி, வருமானம் ஊர்மக்கள் கைக்கே செல்ல வேண்டும் என்பதை நோக்கமாய் வைத்துள்ளது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். ஜப்பானியத் தீவுகளிலிருந்து மக்கள் வேலைதேடிப் போனார்கள். மன்றோத்துருத்தில் இருக்க விரும்புகிறவர்களையும் தண்ணீர் போகச் சொல்லுகிறது. நாம் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தோம். நம் ஊர் அங்கேயே இருக்கிறது. நினைத்தால் போய்ப் பார்க்கலாம். ஊரே இல்லாமற்போகும் புலம்பெயர்வு எத்தகையது என்பதை நம்மால் எளிதில் எண்ணிப் பார்க்க முடியாது. ஆயினும் ஊரைப் பிரிந்த வலியை அறிந்தவர்கள் என்ற வகையில், மற்றவர்களைவிட நாமே அவர்களைப் புரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

செல்வோர் கவனத்திற்கு

மழை ஓய்ந்த மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்கள் செல்வதற்கு ஏற்றவை. ஆனி, ஆடி மாதப் பெருமழையில் சிறுபிள்ளைகளோடு செல்ல வேண்டாம். வள்ளத்தில் ஏறும்போது, நீந்தத் தெரிந்தவராயினும், பிள்ளைகளுக்கு உயிர்காப்புச் சட்டை அணிவியுங்கள். அது இல்லையென்றால் வேறு வள்ளத்தைக் கேளுங்கள்.

பேசிய கூலியைக் குறைக்க வாதாடாதீர்கள். வெயிலில் மூன்று மணி நேரம் கழி ஊன்றுகிறவரிடம் ஐம்பது ரூபாய் குறைத்து நாம் பணக்காரர் ஆகப்போவதில்லை.

வாய்க்கால் அவர்களுக்குத் தெருவும் குளியலறையும் முற்றமும் ஆகும். கரையில் துணி துவைக்கிறவர்களையும் குளிக்கிறவர்களையும் படம் பிடிப்பது, நம் வீட்டுச் சன்னல் வழியே ஒருவர் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். நீர் ஏறிய வீட்டின் முன் நின்று வேடிக்கையாய்ப் படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

நெகிழிப் பைகளையும் பாட்டில்களையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தீவில் குப்பையைப் போட இடம் ஏது? எல்லாம் காயலுக்கே போகும். குடிநீரை அளவோடு செலவிடுங்கள். வீட்டில் நாம் குளிக்கும் நேரத்தில் பாதி போதும்.

பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லி வீட்டாரைக் கேளுங்கள். மீன் கழுவுவதோ, முற்றம் பெருக்குவதோ, கோழியை அடைப்பதோ எதுவாயினும் நலமே. எங்கள் மகன் இரண்டாம் நாள் காலையில் அம்மச்சியோடு சேர்ந்து முற்றத்துச் சேற்றை வாரினான். நகரத்து வீட்டில் துடைப்பத்தைத் தொட்டவனல்லன்.

கடைசியாக ஒன்று. திரும்பி வந்தபின் அவர்களை மறந்துவிடாதீர்கள். அடுத்த பௌர்ணமியன்று ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, "தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியினால் தீவு உயர்ந்துவிடாது. ஆனால் கூலி கொடுத்துத் தங்கிய வீடு, அதன்பின் நமக்கு உறவுவீடாகும். விற்கப்பட்டுப்போன நம் ஊர்வீட்டிற்குப் பதிலாக, கவலையோடு விசாரிக்கத்தக்க ஒரு வீடு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அவர்கள் பெரியவர்களாகி, ஒரு நாள் அணையைப்பற்றியோ மணலைப்பற்றியோ தீர்மானம் எடுக்கும் இடத்தில் அமரக்கூடும். அப்பொழுது ஆற்றின் கடைசியில் ஒரு படிக்கட்டில் வந்து நின்ற தண்ணீர் அவர்கள் நினைவுக்கு வந்தால், இந்த இரண்டு நாட்கள் வீண்போகவில்லை.